கரும்பச்சைக் காருக்கு நியாய விலை

மார்ச் 2

எலிக்கு,

பஸ் நிலையத்தில் சொல்லாமல் கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவனுக்கு நான் முதலில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அது முடிந்ததும் கோபத்தை மறுபடி எடுத்து மாட்டிக்கொள்கிறேன்.

"ஓட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு வண்டி?" என்று கேட்டாய். உன்னைப் பள்ளிக்கூடம், கல்லூரி, முதல் இன்டர்வியூ வரைக்கும் கொண்டுபோய் விட்டவள் யார் என்று அந்த நேரத்தில் நினைவு வரவில்லை போலிருக்கிறது. கேட் தூணில் மூன்று தடவை உரசியது உண்மைதான். தூணை அங்கே கட்டியவனைப் போய்க் கேள். பக்கக் கண்ணாடி உடைந்ததும் உண்மைதான். அது எதிர்வீட்டு வேன் ஒட்டி நின்றதால். அக்காவைப் பார்க்க லீவில் வந்தவன் அக்காவைப் பார்க்காமல், அவள் வண்டியின் இடது பக்கத்தை விடைத்தாள் திருத்துகிற வாத்தியார் மாதிரி விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

போகட்டும். அந்த வண்டியைத் தள்ளிவிடப் போகிறேன். சலூனுக்குப் பின் தெருவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் இருக்கிறதே, அதன் கீழ்த்தளத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விலைக்கு நிற்கிறது. கரும்பச்சை. துணிக் கூரை. தரையோடு தரையாக, தவளை தாவுவதற்கு முன் உட்காருமே, அப்படி உட்கார்ந்திருக்கிறது. இரண்டே இருக்கைதான். இத்தனை வருடம் பின் இருக்கையில் யாரையாவது ஏற்றிக்கொண்டு அலைந்தது போதும் எலி. அப்பாவை ஆஸ்பத்திரிக்கு, உன்னைப் பரீட்சைக்கு, என்னைக் கட்டிய அந்த மனுஷனை அவன் அம்மா வீட்டுக்கு. இனி எனக்குப் பின் இருக்கையே வேண்டாம்.

சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். வெளியூர் மாறிப் போய்விட்டாராம். சாவி காவல்காரரிடம் இருக்கிறது. முன் கண்ணாடிக்குள் ஒரு அட்டை, அதில் விலை: 8,500 டாலர். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் எனக்கு முடியின் விலை தெரியும், காரின் விலை தெரியாது. ஊரில் உள்ள அளவுக்கருவி எல்லாம் உண்மை பேசுகிறதா என்று சோதித்துச் சம்பளம் வாங்குகிறவன் நீ. சோதித்துச் சொல்.

அக்கா

மார்ச் 9

அக்கா,

8,500 என்பது விலை இல்லை, தூண்டில். அந்த மாடல் ஒன்று சுமாரான நிலைமையில் இருந்தாலே இதைப்போல ஒன்றரை மடங்குக்குப் போகும். யாரும் தானம் பண்ணுவதற்காக ஸ்போர்ட்ஸ் கார் விற்பதில்லை. பல் டாக்டர் கண்டிப்பாகப் பண்ண மாட்டார்.

தூணைப் பற்றி நான் பேசப் போவதில்லை. தூண் பத்து வருடமாக அங்கேதான் இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சாதாரணக் காருக்கு எவ்வளவு ஓடியது என்று கேட்டால் போதும். இந்த மாதிரிக் காருக்கு எப்படி ஓட்டினார்கள் என்று கேட்க வேண்டும். அதற்குக் கார் பதில் சொல்லும், விற்கிறவன் சொல்ல மாட்டான். நீ போவதற்கு முன்னால் இன்ஜினைச் சூடுபண்ணி வைக்க வேண்டாம் என்று காவல்காரரிடம் சொல். போனதும் இன்ஜின் மூடியின் மேல் கை வைத்துப் பார். சுடக் கூடாது. சூடான இன்ஜின் தன் நோயை மறைத்துவிடும். கிளப்பும்போது பின்னால் நீலப் புகை வந்தால் எண்ணெயைக் குடிக்கிறது என்று அர்த்தம், திரும்பி வந்துவிடு. மேல் கியரில் மெதுவாகப் போகும்போது சட்டென்று அழுத்து. சத்தம் ஏறி வேகம் ஏறவில்லையானால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அந்தச் செலவை அப்படியே விலையில் கழி. ஓடிய தூரத்தை எழுதி அனுப்பு. இன்ஜின் சூட்டைக் காட்டுகிற வெப்பமானியின் முள் எங்கே நிற்கிறது என்று பார். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதையும் எழுது.

எதையும் அழகாக இருக்கிறது என்று எழுதாதே. அது அளவு இல்லை.

இது எரிவாயு நிலையம் என்பதால் செல்போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். சாமான் வண்டி வாரம் ஒருமுறைதான் தபால் கொண்டுவருகிறது. ஆபீசில் ஒரு போன் இருக்கிறது, அதற்கு மேலே 'உயிர் போகிற காரியத்துக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிட்டு அப்புறம் எனக்குச் சொல்லாதே.

தம்பி

மார்ச் 15

எலிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் நன்றாகத்தான் எழுதுவாய். இப்போது உன் வாக்கியங்கள் தலையில்லாமல் தொடங்குகின்றன. வரியின் ஆரம்பத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் தலை வலிக்கிறது. கொஞ்சம் பெரிதாக எழுது.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். மூடி ஜில்லென்று இருந்தது. நான் அதைத் தடவுவதைப் பார்த்து காவல்காரர், "காய்ச்சலா மேடம்?" என்று கேட்டார். புகை வெள்ளையாகக் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார, கட்டடத்தைச் சுற்றி ஓட்டினேன். மனுஷன் கதவுப் பிடியை விடவே இல்லை. ஒரு திருப்பத்தில் "மேடம், மேடம், தொட்டி" என்றார். பூந்தொட்டியை அங்கே எதற்கு வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. லேசாகத்தான் பட்டது. தொட்டிக்குத்தான் சேதம். கிளட்ச் நீ சொன்னபடி சத்தம் ஏற்றியது, வேகம் கொஞ்சம் பின்னாலேயே வந்தது.

ஓடிய தூரம் 43210. அழகான எண் இல்லையா? நீ அழகு என்று எழுதாதே என்றாய், மன்னித்துக்கொள். வெப்பமானி இந்தக் காரில் இல்லை. வேகம் காட்டுவது இருக்கிறது, இன்னொரு வட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். டயரில் நான்கு எண் என்றாய், மூன்றுதான் இருக்கிறது: 618. நான்கு டயரிலும் பார்த்துவிட்டேன்.

சலூனில் இந்த மாதம் நேரம் சரியில்லை. ஒரே வாரத்தில் இரண்டு பேர் திரும்பி வந்து, ஒரு பக்கம் நீளமாக விட்டுவிட்டேன் என்கிறார்கள். ஒருத்தி, "அக்கா, இதுதான் புது ஸ்டைலா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிப் பாதிக் காசு வாங்கிக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரி வேறு நான் அவளுக்கு முகம் கொடுப்பதில்லை என்று சிணுங்குகிறாள். அவள் வந்து நிற்பதே எனக்குத் தெரிவதில்லை, பூனை மாதிரி நடக்கிறாள்.

விலையைச் சொல். அந்தக் காரில் உட்கார்ந்தபோது எனக்கு இருபது வயது.

அக்கா

மார்ச் 20

அக்கா,

நான் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. அந்த ஆள் திருடன்.

கேள். வெப்பமானி இல்லாமல் அந்த மாடலை எவனும் செய்ததே இல்லை. அப்படியானால் ஸ்டியரிங்குக்கு எதிரே உள்ள முன் பலகையையே கழற்றி வேறு எதையோ மாட்டியிருக்கிறான். பலகையை மாற்றினால் ஓடிய தூரமும் பொய். 43210 என்பது வேறு ஏதோ காரின் கதை. டயரில் மூன்று எண் என்பது உலகத்தில் எங்கும் கிடையாது. இருந்தால் அது ரொம்பப் பழைய டயராக இருக்க வேண்டும், அல்லது ஒரு எண்ணைச் சுரண்டியிருக்கிறான். நான்கு டயரிலும் உட்கார்ந்து சுரண்டுகிறவன் இன்னும் எதையெல்லாம் செய்திருப்பான்? வெள்ளத்தில் மூழ்கிய காராக இருக்கலாம், இரண்டு பாதிகளை ஒட்டிய காராக இருக்கலாம். வேகமாகப் போகும்போது ஒட்டு விட்டால் நீ முன்னால் போவாய், மீதி பின்னால் நிற்கும்.

ஒரு நல்ல 43 ஆயிரம் ஓடிய கார் என்றால் இருபதுக்குக் கிட்ட. அதை எட்டரைக்கு ஒருவன் தருகிறான் என்றால் அவனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை. நீ போன் போட்டு 7,000 என்று சொல். முன் பலகையை மாற்றியது தெரியும் என்றும் முகத்துக்கு நேராகச் சொல். உடனே சரி என்றால் ஓடி வந்துவிடு. கோபப்பட்டால் யோசிக்கலாம். கோபம் வருகிறவன் பாதி யோக்கியன்.

போட்டோ எடுத்து அனுப்பு. அட்டை, முன் பலகை, டயர் மூன்றும் வேண்டும். அதுவரை அந்தக் காரில் ஏறாதே. அதன் பிரேக்கையும் ஒரு தடவை பார்க்கச் சொல். தொட்டியில் இடித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

தம்பி

மார்ச் 26

எலி,

உன் பேச்சைக் கேட்டு ஒரு பெரிய மனுஷரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

காவல்காரர் எண்ணைப் போட்டுக் கொடுக்க, டாக்டரிடம் பேசினேன். முதலில் மரியாதையாகத்தான் பேசினார். நீ எழுதிக் கொடுத்த மாதிரியே, பலகையை மாற்றியது தெரியும், டயரைச் சுரண்டியது தெரியும், ஏழாயிரம் தருகிறேன் என்றேன். அப்புறம் சொன்னார்: "மேடம், ஏழாயிரத்துக்கு நாலு டயர் தர்றேன். உருட்டிக்கிட்டுப் போங்க." நான் விடவில்லை, கொஞ்சம் ஏற்றித் தருகிறேன் என்றேன். போட்டிருக்கிற விலையில் பாதிகூட இல்லாமல் எப்படிக் கேட்க மனசு வந்தது என்று கேட்டார். எட்டரையில் பாதி எவ்வளவு என்றுகூடத் தெரியாதவரிடம் எப்படி எலி பல்லைக் காட்டுகிறார்கள்?

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் நானே மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். என் தம்பி கருவிகளோடு புழங்கிப் புழங்கி மனுஷர்களோடு பேச மறந்துவிட்டவன் என்று சொன்னேன். சிரித்துவிட்டார். வருகிற ஐந்தாம் தேதி சனிக்கிழமை அவர் இங்கே வருகிறார். நேரில் வாருங்கள், பிடித்திருந்தால் பேசிக்கொள்ளலாம், மலைப்பாதையில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள் என்றார். கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு மலைப்பாதை. நான் இப்போதே தலைக்கு எந்தத் துணி கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட போட்டோக்களைச் சலூனுக்கு வருகிற ஒரு பெண் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள். பார்த்துத் திருப்தியாகிக்கொள். நியாய விலை கேட்டால் நீ என்னைத் திருட்டுக் கேஸ் விசாரிக்க அனுப்புகிறாய்.

தலைவலி விட்டபாடில்லை. சலூன் மருந்து வாடை என்று நினைக்கிறேன். நேற்று கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு நீலமாகிக் கிடக்கிறது.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

போட்டோ வந்தது.

நீ என்னைப் பைத்தியக்காரன் ஆக்கிப் பார்க்கிறாயா? அட்டையில் 18,500 என்று கை அகலத்துக்கு எழுதியிருக்கிறது. பதினெட்டாயிரத்து ஐந்நூறு. முன் பலகையில் 143210. வெப்பமானி அதன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறது. டயரில் 3618. நான்கு எண். ஒருவனும் எதையும் மாற்றவில்லை, சுரண்டவில்லை. ஒரு யோக்கியமான மனுஷனை நான் உன் வாயால் திருடன் ஆக்கியிருக்கிறேன். அந்தக் கார் மேல் அப்படி என்ன ஆசை, பார்த்ததைக்கூட மாற்றி எழுதுகிற அளவுக்கு? கண்ணை எங்கே கழற்றி வைத்துவிட்டுப் போனாய்?

மேலே உள்ளது நேற்று எழுதியது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். விடுகிறேன், நான் எவ்வளவு மடையன் என்று தெரியட்டும்.

இன்று வேலையில் ஒரு அழுத்தமானி வந்தது. எப்போது பார்த்தாலும் ஒரே அளவு குறைத்துக் காட்டுகிறது என்று புகார். கூட வேலை பார்க்கிறவன் குழாயில் கசிவு என்றான். நான் அவனைத் திட்டினேன். கசிவு என்றால் தப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாகத் தப்பினால் கோளாறு அளக்கப்படுகிற பொருளில் இல்லை, அளக்கிற கருவியில். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை நின்றுவிட்டது.

பதினெட்டில் ஒன்று போய் எட்டு. நூற்று நாற்பத்து மூன்றில் ஒன்று போய் நாற்பத்து மூன்று. 3618இல் மூன்று போய் 618. வெப்பமானி பலகையின் இடது ஓரத்தில் இருக்கிறது. தூண் இடது பக்கம். உடைந்த கண்ணாடி இடது பக்கம். தொட்டி எந்தப் பக்கம் என்று நீ எழுதவில்லை, எனக்குத் தெரியும். நீ எதையும் மாற்றி எழுதவில்லை. உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதியிருக்கிறாய்.

உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். முதல் கடிதத்தில் இடது ஓரம் நேராக இருக்கிறது. கடைசிக் கடிதத்தில் வரிகள் போகப் போக வலது பக்கம் ஒதுங்கி, கடைசி வரி தாளின் நடுவில் தொடங்குகிறது.

அக்கா, இதைச் செய். சுவர்க் கடிகாரத்தின் நடு ஆணியை மட்டும் பார். கண்ணை அசைக்காதே. ஒன்பது தெரிகிறதா? எட்டும் பத்தும் தெரிகிறதா? ஒரு கண்ணை மூடிப் பார், மற்றதை மூடிப் பார்.

எதுவாக இருந்தாலும் வண்டியைத் தொடாதே. எந்த வண்டியையும்.

சாமான் வண்டி நாளை கிளம்பினால் இது உன் கைக்குச் சனிக்கிழமை தாண்டித்தான் வரும். சனிக்கிழமை நீ மலைப்பாதையில் இருப்பாய். மேலாளரிடம் போய் ஆபீஸ் போன் வேண்டும் என்றேன். யாருக்கு உயிர் போகிறது என்று கேட்டார். இன்னும் போகவில்லை, அதனால்தான் கேட்கிறேன் என்றேன். சாவியைக் கொடுத்தார். உனக்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். தெரியாத எண் என்று நீ எடுக்கவில்லை. அட்டையில் டாக்டரின் எண் இருந்தது. அவருக்கு அடித்தேன். திட்டினால் திட்டு.

தம்பி

ஏப்ரல் 7

எலி,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை தலைக்குத் துணியெல்லாம் கட்டிக்கொண்டு போனேன். டாக்டர் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "உங்க தம்பி பேசினார் மேடம்" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கார் வாங்க வந்தவளைப் பற்றி விற்கிறவனிடமே, அக்காவுக்குக் கண் தெரியவில்லை, சாவி கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறாய். அவர் முன்னாலேயே உன்னைத் திட்டினேன். அவர் என் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். என் மூக்கைப் பாருங்கள் என்றார். இரண்டு கையையும் அகல விரித்து, "எத்தனை விரல்?" என்று கேட்டார். இரண்டு என்றேன். மறுபடி ஏதோ செய்து கேட்டார். ஒன்று என்றேன். காவல்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "நான் பல் டாக்டர்தான். ஆனா இது பல்லு இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றார். அவர் பழைய ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மலைப்பாதைக்குக் கட்டிய துணியோடு போய் வரிசையில் உட்கார்ந்தேன்.

கண் இரண்டும் நன்றாக இருக்கிறதாம். மூளையின் மேலுறையில் ஒரு கட்டி. எலுமிச்சம்பழம் அளவு. கண் அனுப்புகிற படத்தை வாங்கிக்கொள்கிற இடத்தை அது நெருக்குகிறது. கெட்ட ரகமாகத் தெரியவில்லை, எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம் என்கிறார்கள். பதினேழாம் தேதி எடுக்கிறார்கள். போன பார்வை திரும்புமா என்று கேட்டேன். திரும்பலாம் என்றார்கள். அந்த 'லாம்' எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆணியை மட்டும். பன்னிரண்டிலிருந்து ஆறு வரை ஒழுங்காக இருக்கிறது. மிச்சத்தில் இருட்டுகூட இல்லை எலி. இருட்டு என்றால் தெரிந்திருக்கும். அங்கே ஒன்றுமே இல்லை, இல்லை என்பதும் தெரியவில்லை. எத்தனை நாளாக இந்தப் பாதி உலகத்தில் கத்திரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தேனோ. ஒருத்தியின் காதை வெட்டியிருந்தால்?

பழைய வண்டியின் சாவியைப் பக்கத்து நாற்காலிக்காரியிடம் கொடுத்துவிட்டேன்.

பயமாக இருக்கிறது. நீ வந்து கத்தினால்கூடப் பரவாயில்லை.

அக்கா

ஏப்ரல் 10

அக்கா,

மாற்று ஆள் வந்தால்தான் விடுவேன் என்கிறார் மேலாளர். அவன் வருகிற வண்டியில் நான் வருகிறேன். பதினைந்தாம் தேதி உன் கதவைத் தட்டுவேன். வராவிட்டால் நடந்து வருவேன், அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

அறுவை செய்கிறவரிடம் இதைக் கேள்: இந்த மாதிரிக் கட்டி எத்தனை எடுத்திருக்கிறார், அதில் எத்தனை பேருக்குப் பார்வை திரும்பியது. கேட்கக் கூச்சமாக இருந்தால் தாளில் எழுதி நீட்டு. கோபப்பட்டால் நல்ல ஆள். நான் கேட்டால் சண்டையாகிவிடும் என்று நீ பயப்படுவாய், ஆனால் நீ கேட்காவிட்டால் நான் கேட்பேன்.

எனக்கு இங்கே ஒரு வேலையும் ஓடவில்லை. எல்லாக் கருவியையும் இரண்டு முறை பார்க்கிறேன். சாப்பாட்டு அறையில் தட்டின் இடது பக்கத்தில் இருப்பதை முதலில் சாப்பிடுகிறேன், ஏன் என்று கேட்காதே. அன்றைக்கு வண்டியின் இடது பக்கத்தை அவ்வளவு நேரம் பார்த்தேன். அத்தனை கீறலும் ஒரே பக்கம். வேறு எந்த எந்திரத்தில் பார்த்திருந்தாலும் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். ஓட்டுவது நீ என்பதால் உன்னைத் திட்டினேன்.

பாதியில் விட்டால் எனக்கு மண்டை குடையும், அதனால் காரின் கணக்கை முடித்துவிடுகிறேன். ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் ஓடியது. ஒரே சொந்தக்காரர், அது நல்லது. கிளட்ச் சீக்கிரம் மாற்ற வேண்டும். டயர் நான்கும் வயதானவை, வழுவழுப்பாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும். போட்டோவில் கூரைத் துணியின் மடிப்பில் ஒரு விரிசல் தெரிகிறது. இதையெல்லாம் கழித்தால் பதினோராயிரம். பதினெட்டரை என்பது அந்த மனுஷர் தன் இளமைக்கும் சேர்த்துப் போட்ட விலை.

ஆனால் அவர் நாளைக்கு முப்பது கேட்டாலும் எனக்குச் சரிதான். சாவியைப் பைக்குள் போட்டாரே.

தம்பி

ஜூன் 21

எலிக்கு,

நீ திரும்பிப் போன பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. இடது ஓரத்தை அளவுகோல் வைத்துப் பார்ப்பாய் என்று தெரியும். பார்த்துக்கொள். கோடு போட்டு எழுதவில்லை, சத்தியமாக.

ஆஸ்பத்திரியில் நீ இருந்தவரைக்கும் தெரிந்ததைவிட இப்போது கொஞ்சம் கூடத் தெரிகிறது. கடிகாரத்தில் பத்தும் பதினொன்றும் வந்துவிட்டன. எட்டு, சில நாள் வருகிறது, சில நாள் வெளியூர் போய்விடுகிறது. இடது கோடியில் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி ஒரு பட்டை. அது போகவும் போகலாம், அப்படியே நிற்கவும் நிற்கலாம் என்கிறார் பெரிய டாக்டர். அதே 'லாம்'. கட்டி நல்ல ரகம்தான் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீ அவரிடம் கேட்ட கேள்விகளை இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது. உங்கள் தம்பி சௌக்கியமா என்று கேட்கும்போதே குரல் மாறுகிறது.

வண்டி ஓட்டுவதைப் பற்றி வருடக் கடைசியில் சோதித்துப் பார்த்துச் சொல்வார்களாம். வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் நினைக்கிறேன், உன்னிடம் மறைப்பானேன். கத்திரிக்கோலை இன்னும் எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரிதான் சலூனைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் பூனை மாதிரியெல்லாம் நடப்பதில்லை எலி, யானை மாதிரி நடக்கிறாள்.

நேற்று மெதுவாக நடந்து அந்த அடுக்குமாடிக்குப் போனேன். காவல்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். புதுப் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள், இந்தத் தடவை சுவரோடு ஒட்டி. கார் அங்கேயேதான் நிற்கிறது. ஒருவர்கூட வந்து விலை கேட்கவில்லையாம். டாக்டர், மேடத்துக்குக் குணமாகட்டும், அதுவரை நிற்கட்டும் என்றிருக்கிறார். அது அவர் நல்ல மனசு என்றுதான் நினைத்தேன், அட்டையைப் பார்க்கிறவரைக்கும்.

அந்த 'ஒன்று' அங்கே நிற்கிறது எலி. கருப்பு மையில், தடிமனாக, எட்டுக்கு முன்னால் விறைப்பாக, ஒரு கம்பம் மாதிரி. இத்தனை பெரிதாக இருந்ததையா நான் பார்க்கவில்லை? நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காவல்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். அழவில்லை, கண்ணில் மருந்து போட்டது என்று சொல்லிவைத்தேன்.

அடுத்த லீவில் நீ வந்து டாக்டரிடம் பேசு. ஓட்டப் போவது நீ. நான் பக்கத்தில் உட்கார்ந்து, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, பார்த்து ஓட்டு பார்த்து ஓட்டு என்று உன் உயிரை எடுப்பேன். பின் இருக்கை இல்லாததால் என்னைப் பின்னால் தள்ள உன்னால் முடியாது. சாவியைப் பைக்குள் போட்டார் என்பதற்காக முப்பது கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த மாதிரி ஏதாவது அவர் முன்னால் உளறிவைக்காதே. ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டதற்கு நான் அவருக்கு வருடம் முழுக்க இலவசமாக முடி வெட்டுகிறேன், இருக்கிற நான்கு முடிக்கு அது தாராளம். காருக்கு நீ போட்ட பதினொன்றுதான் விலை. அதற்கு மேல் ஒரு காசு போகாதே.

பதினெட்டாயிரத்து ஐந்நூறாம். எவன் கொடுப்பான்?

அக்கா